செஞ்சிக்கு போனா கிருஷ்ணகிரியும் ஏறுங்க

செஞ்சிக் கோட்டைன்னாலே எல்லாரும் ராஜகிரி மலை ஏறிட்டு கல்யாண மகால் முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடறாங்க, எதிர்ல அதே கோட்டைல இருக்கற கிருஷ்ணகிரி மலை பக்கம் கூட்டமே இல்ல, மேல தானியக் களஞ்சியம், கோயில், வளைவு வளைவா தர்பார் மண்டபம்னு எல்லாம் அப்படியே கெடக்கு.

கீழ வெங்கடரமணர் கோயில் கோபுர வாசல்ல நின்னு நிதானமா பாருங்க மக்களே, ராமாயணக் காட்சி, பாற்கடல் கடையறதுன்னு சுவர் பூரா சின்னச் சின்னதா செதுக்கி வச்சிருக்காங்க, சிலதுல முகமே தேய்ஞ்சு போச்சு, பாக்கவே மனசு கேக்கல.

பாண்டி பீச்ல காந்தி சிலைய சுத்தி நிக்குதே உயரமான தூணுங்க, அதெல்லாம் 1750ல கோட்டையப் புடிச்ச பிரெஞ்சுக்காரங்க காலத்துல இங்கருந்து போனதுதான்!

2025ல செஞ்சிக் கோட்டைய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயும் சேத்தாச்சு. இனியாவது ஒவ்வொரு மண்டபத்துக்கும் தமிழ்ல ஒரு நல்ல போர்டு வைங்க, சுவர்ல பேர் கிறுக்கறவங்கள தடுக்க ஆள் போடுங்க.