கெதரோனைக் கடந்து ஒலிவ மலைக்கு

ஒலிவ மலையில் வெறுங்காலோடு ஏறி ஜெபிப்பதாக என் தாயார் பொருத்தனை செய்திருந்தார்கள். சித்தப்பாவோடு பாகப்பிரிவினைச் சண்டை முற்றி அரிவாள் எடுக்கும் நிலைக்கு வந்த இரவில், என் தகப்பனார் எங்களை அழைத்துக்கொண்டு பூர்வீக வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பயந்து ஓடிவிட்டதாக ஊரார் பேசியபோதெல்லாம், 2 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தை வாசிப்பதே அப்பாவின் பதிலாக இருந்தது.

எப்ரோனில் அப்சலோம் தன்னை ராஜாவாக்கிக்கொண்ட செய்தி வந்ததும், புறப்படத் தாமதித்தால் மகன் வந்து நகரத்தையே பட்டயத்துக்கு இரையாக்குவான் என்று தாவீது தன் ஊழியக்காரரிடம் காரணம் சொல்கிறார். எருசலேமின் மதில்களுக்குள் இருந்து போரிட்டிருக்கக்கூடிய ராஜா, ஜனங்களின் உயிருக்காக, நகரத்துக்கும் மலைக்கும் இடையிலுள்ள கெதரோன் பள்ளத்தாக்கைக் கடந்து, தலையை மூடி, வெறுங்காலால் அழுதுகொண்டே இந்த மலையில் ஏறினார்.

அம்மாவின் பொருத்தனையைச் செலுத்தவே நான் எருசலேமுக்கு வந்தேன். மலையடிவாரத்தில், இயேசு பாடுபடுமுன் ஜெபித்த தோட்டமான கெத்செமனேயின் வாசலில் ஒலிவ மரச் சிலுவை விற்பவர்கள் கையைப் பிடித்து இழுத்ததும், அங்குள்ள ஆலயத்துக்குள் அவர் ஜெபித்ததாகச் சொல்லப்படும் பாறையைத் தொட்டு முழங்காற்படியிடுவதற்குள் பின்னாலிருந்த கூட்டம் தள்ளியதும் மனதை மிகவும் வருத்தின. அம்மாவின் பெயரைச் சொல்லி ஜெபிக்கக்கூட அங்கே முடியவில்லை.

வெளியே வந்து, செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினேன். செங்குத்தான பாதை வெயிலில் கொதித்தது. ஆண்டவர் நகரத்தைப் பார்த்துக் கண்ணீர்விட்ட இடத்தில் கட்டப்பட்ட சிற்றாலயத்தருகே நின்று திரும்பியபோது, பள்ளத்தாக்குக்கு அப்பால் எருசலேம் முழுவதும் தெரிந்தது. தேவனுடைய உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்துவந்த ஆசாரியனான சாதோக்கிடம், அதை நகரத்துக்கே திரும்பக் கொண்டுபோகச் சொன்ன தாவீதை அங்கே நினைத்தேன். பெட்டி தம்மோடு இருந்தால் தேவன் தம் பக்கம் என்று ஜனங்களுக்குக் காட்டியிருக்கலாம். அவரோ, கர்த்தரின் கண்களில் கிருபை கிடைத்தால் அவரே என்னைத் திரும்ப வரப்பண்ணுவார் என்று சொல்லி வெறுங்கையோடு நடந்தார். எங்கள் அப்பாவும் அந்த இரவில், தலைமுறையாக வாசித்துவந்த குடும்ப வேதாகமத்தை எடுக்காமல், அது இந்த வீட்டுக்குரியது என்று மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு சித்தப்பாவே அதைக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்து அழுதார். ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் இரண்டு வீடுகளையும் காத்தீரே, அந்தக் கண்ணீரை அம்மா உயிரோடிருக்கும்போதே காணச் செய்தீரே, ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. உள்ளங்கால் கொப்பளித்திருந்ததை இரவு விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் கண்டேன்.