ரூகர் 10/22-ஆ, மார்லின் 60-ஆ: கழற்றி மாட்டிப் பார்த்ததில்

இரண்டும் அமெரிக்காவில் பல வீடுகளில் இருக்கும், .22 என்னும் சிறு தோட்டா சுடும் ரைஃபிள்கள். மார்லின் 1960-ல் வந்தது, ரூகர் 1964-ல். வெடிப்பின் உதையே போல்ட்டை, அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்புக் கட்டையை, பின்னுக்குத் தள்ளிவிடும். வெடிவாயுவால் அதைத் தள்ளும் கேஸ் பிஸ்டன் கிடையாது. அதனால் அழுக்கு சேருமிடம் போல்ட்டின் முகமும், தோட்டா அமரும் அறையான சேம்பரும்தான். ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு கரியோடு குழைந்து சேம்பருக்குள் வளையமாகப் படிந்தால், காலிக்கூடு வெளியே வராமல் சிக்கும். ஆக, சுத்தம் செய்ய போல்ட் எத்தனை சுலபமாகக் கைக்கு வருகிறது என்பதை வைத்தே தேர்வு செய்யலாம்.

ரூகரில் முதலில் மேகசினை (தோட்டாப் பெட்டி) எடுத்து, போல்ட்டை இழுத்து, சேம்பர் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். குழலையும், தோளில் சாய்க்கும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையைக் கழற்றி, அடியில் உள்ள ஒரே திருகை எடுத்தால் போதும். சேஃப்டி பட்டன் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் கட்டையில் மாட்டிக்கொண்டு வராது. குழல் பக்கத்தை முதலில் தூக்க வேண்டும். ட்ரிகர் பெட்டியைப் பிடிக்கும் இரண்டு பின்களும் பழகிய துப்பாக்கியில் தானாகவே உருண்டு விழும், கீழே துண்டு விரித்துக்கொள்வது நல்லது. பிறகு பின்பக்கத்து போல்ட் ஸ்டாப் பின்னை எடுக்க வேண்டும். கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து போல்ட்டின் முன்பகுதியைத் தூக்கினால் வெளியே வந்துவிடும். ஸ்ப்ரிங் கைப்பிடியோடு ஒட்டியே இருப்பதால் தெறித்து ஓடாது. திரும்ப மாட்டும்போது ட்ரிகர் பெட்டிக்குள் இருக்கும் சுத்தியலை மேலே நிமிராமல் மடக்கி வைக்காவிட்டால் பெட்டி உட்காராது. பலர் திணறுவது இங்கேதான்.

காலிக்கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில் பல்குத்தி, போல்ட் முகத்துக்குப் பழைய டூத் பிரஷ். எண்ணெய் பக்கத்துக்கு ஒரு துளி. கூடினால் கரியோடு களிம்பாகி, பனிக்காலத்தில் போல்ட் மந்தமாகும். சுழல் மேகசினைச் சும்மா சும்மா பிரிக்க வேண்டாம். பிரித்தால் திரும்ப மாட்டுகையில் ஸ்ப்ரிங்குக்குச் சுமார் ஒரு சுற்று முறுக்கு கொடுக்க வேண்டும், குறைந்தால் கடைசித் தோட்டாக்கள் மேலே ஏறாது.

மார்லினில் தோட்டா இருப்பது குழலுக்குக் கீழே ஓடும் டியூபில். உள் டியூபை உருவிச் சாய்த்துக் கொட்டினாலும், ஏற்றித் தரும் தட்டில் ஒன்று ஒளிந்திருக்கலாம். போல்ட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக் கைப்பிடியைப் பக்கவாட்டில் உருவ வேண்டும். ஸ்ப்ரிங்கும் அதன் மெல்லிய கம்பியும் தனித்தனி. மாட்டும்போது ஸ்ப்ரிங் கோணினால் அது போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். நிமிர்த்திப் போட்டால் தோட்டா ஏறுவது தடுமாறும். பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாங்கியும் வயதானால் மஞ்சளாகி விரியும், அப்புறம் போல்ட் நேரே அலுமினியத்தில் மோதும். காரமான கரைப்பான் அதில் படக்கூடாது. கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்தே நிற்பது மட்டும் பிற்கால மார்லின்களின் வசதி. ரூகரில் அது மூடிக்கொள்ளும்.

மார்லின் பெயரை 2020-ல் ரூகரே வாங்கியது. உதிரிபாகம் என்று பார்த்தால், 10/22-க்கு எந்தப் பாகமும் எங்கும் கிடைக்கிறது. அடிக்கடி கழற்றுகிறவருக்கு ரூகர்தான். கழற்றாமல் பிரஷ்ஷோடு நிறுத்திக்கொள்பவருக்கு மார்லினும் பல வருடம் ஓடும்.

இரண்டிலும் ரீசீவரின், அதாவது போல்ட் ஓடும் கூட்டின், பின்பக்கம் அடைப்பு. அதனால் சுத்தம் செய்யும் கம்பியைக் குழலின் வாய்ப்பக்கமிருந்து விட நேரும். கம்பி உரசி வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி சிதறும். சேம்பர் வழியாக இழுக்கும் கயிறு பிரஷ்ஷே மேல், ஒன்றிரண்டு இழுப்பு போதும்.