ஜெம்மா கதவுக்கு அந்தப் பக்கம்

‘செவரன்ஸ்’ தொடரின் இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடைப் பார்த்துவிட்டு அக்காவும் நானும் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மூளையில் ஆபரேஷன் செய்து ஆபீஸ் நினைவையும் வெளி நினைவையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டவர்களின் கதை அது; ஒரே உடம்பில் ‘உள்’ ஆள் ஒருவன், ‘வெளி’ ஆள் ஒருவன். 2022 ஏப்ரலில் முதல் சீசன் முடிந்தபோது செத்துப்போனதாக நினைத்திருந்த மனைவி ஜெம்மாவைப் பற்றி "அவ உயிரோட இருக்கா!" என்று மார்க் கத்தினான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஏறக்குறைய மூன்று வருஷம் காத்திருந்தோம். 2025 மார்ச்சில், இரண்டாம் சீசனின் முடிவில், ஜெம்மா ஆபீஸ் கதவைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் வெளியே போய்விட்டாள். கதவுக்கு உள்ளே மார்க். அவள் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கதறுகிறாள், இவன் திரும்பி, ஆபீஸில் தான் காதலிக்கும் ஹெலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான்.

அக்கா அழுதுவிட்டாள். "பாவி, அவ என்னடா தப்பு பண்ணா?" என்றாள். இணையத்திலும் பாதிப்பேர் அதே கோபத்தில்தான் இருந்தார்கள்.

நான் உள்ளே இருக்கும் மார்க்கின் பக்கம். ஆபீஸுக்குள் மட்டுமே இருப்பவன் அவன்; வெளியே போனால் இல்லாமலே போய்விடுவான். ஜெம்மா அவனுக்கு யாரோ ஒருத்தி, ஹெலிதான் அவன் உலகம். இரண்டு மார்க்கும் கேமராவில் மாறி மாறிப் பேசும் காட்சியில் வெளி மார்க் ஹெலியின் பெயரையே தப்பாக, ‘ஹெலனி’ என்கிறான். எனக்கு அங்கேயே மனசு விட்டுப்போயிற்று. பெயர்கூடத் தெரியாதவன், இவன் உயிரைக் கேட்கிறான்!

ஆனாலும் ஜெம்மாவாக நடித்த டிச்சென் லாக்மனின் அந்த முகம்... நேற்று அந்தக் கடைசி மூன்று நிமிஷத்தை மறுபடி பார்த்தேன். அக்காவுக்கு போன் போட்டேன்.