நீர்வண்ண ஓவியத்தை அசைப்பது: ஓர் அனிமேட்டரின் வேலைக் குறிப்புகள்

பிப்ரவரி 3

40 விநாடிப் படம். ஓவியர் நீர்வண்ணத்தில் வரைபவர். அசைவு என் பொறுப்பு. முதல் பேச்சிலேயே முடிவாக வேண்டியது, எதை யார் எத்தனை முறை வரைவது என்பதுதான். விநாடிக்கு 24 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் தனிச் சட்டங்கள்). ஒவ்வொரு படமும் இரண்டு ஃபிரேம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 12 படம், மொத்தம் 480. அத்தனையையும் தூரிகையால் தீட்டச் சொல்வது நியாயமில்லை.

அதனால் ஷாட்டுகளை மூன்று வகையாகப் பிரித்தோம். நடை, கையசைப்பு, தலையாட்டல் எல்லாம் உறுப்புகளை வெட்டி நகர்த்திச் செய்யலாம். துணி உதறுவது, உடம்பு முழுக்கத் திரும்புவது, தண்ணீர் தெறிப்பது ஆகியவற்றை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்தே தீர வேண்டும். மீதியில் கேமரா மட்டும் நகரும். வரைந்தே தீர வேண்டியவை எத்தனை விநாடி வருகின்றன என்று கூட்டிப் பார்த்தால்தான் ஓவியர் எவ்வளவு காலம் கேட்பார், எவ்வளவு சம்பளம் கேட்பார் என்பது தெளிவாகும். இந்தக் கணக்கைப் போடாமல் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று தொடங்கும் வேலைகள் பாதியில் மனக்கசப்பில் நிற்கும்.

பிப்ரவரி 6

அனிமேட்டிக் என்ற முன்னோட்டம் முடியும்வரை ஒரு பின்னணிக்குக்கூட வண்ணம் வேண்டாம். பென்சில் கோட்டிலேயே ஷாட்டுகளை அடுக்கி, ஒலியோடு ஓட்டிப் பார்த்தால்தான் எது ஒன்றரை விநாடியில் ஓடிவிடும், எதன் மேல் கண் ஆறு விநாடி தங்கும் என்று புரியும். ஒன்றரை விநாடி ஷாட்டில் ஓவியர் இலை இலையாகத் தீட்டினால் அந்த உழைப்பு பார்வையாளரைச் சேராது. தங்கும் ஷாட்டுக்கு அந்த நேரத்தைக் கொடுப்பதே அவருடைய திறமைக்குச் செய்யும் மரியாதை.

அளவுகளும் இங்கேதான் கிடைக்கும். படம் 1920×1080. கேமரா முகத்தை நோக்கி 150 சதவீதம் நெருங்கினால் அந்த ஓவியம் குறைந்தது 2880×1620 பிக்சல் இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு திரை அகலம் நகர்ந்தால் அகலம் 3840. முன்னால் இருக்கும் புதர் லேயர் (தனியாக வரைந்த அடுக்கு), பின்னால் இருக்கும் மலையைவிட வேகமாக நகரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மலை 400 பிக்சல் நகரும்போது புதர் 800 நகர்ந்தால், மலைக்கு 2320 அகலம் போதும், புதருக்கு 2720 வேண்டும். எல்லா லேயரையும் ஒரே அளவில் வரைந்து கொடுத்தால் ஷாட் முடிவதற்குள் புதரின் ஓரம் திரைக்குள் வந்துவிடும். இதற்கு மேல் நான்கு பக்கமும் 10 சதவீதம் கூடுதலாகக் கேட்டு வாங்குவது நல்லது.

பிப்ரவரி 10

முழுப் படத்துக்கும் முன்னால் ஒரு பாத்திரம், ஒரு ஷாட், மூன்று விநாடி. இந்தச் சோதனையின் பெரிய பாடம் முழங்கை.

கணினியில் வரையும் தட்டையான பாணியில் முழங்கை எளிது. மேல்கையும் முன்கையும் ஒரே விட்டமுள்ள அரைவட்டமாக முடிய வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்து முழுவட்டமாகும். சுழலும் புள்ளி அந்த வட்டத்தின் நட்ட நடுவில். புள்ளி கொஞ்சம் விலகினாலும் கை மடங்கும்போது ஒரு பக்கம் புடைக்கும், மறுபக்கம் பள்ளம் விழும். ஓரக்கோடு இருந்தால் மூட்டுக்குள் கோடு குறுக்கே ஓடாதபடி அந்த முனையைக் கோடில்லாமல் திறந்து விட வேண்டும்.

நீர்வண்ணத்தில் இது போதாது. ஈர வண்ணம் காயும்போது நிறத்துகள்கள் ஓரத்துக்கு ஒதுங்கி அடர்ந்த விளிம்பு விழும். ஓவியத்தின் அழகே அந்த விளிம்புதான். ஆனால் மேல்கை, முன்கை இரண்டையும் தனித்தனியாகத் தீட்டினால் மூட்டில் இரண்டு விளிம்பும் சேர்ந்து கறுத்த வளையமாகத் தெரியும். தீர்வு: ஒவ்வொரு துண்டையும் தேவைக்கு மேல், வரைந்த கையின் அகலம் அளவுக்கு நீட்டித் தீட்டச் சொல்வது. முனையில் விழும் விளிம்பை வெட்டி எறிந்துவிட்டு, நடுப்பகுதியின் சீரான வண்ணத்தையே மூட்டுக்குப் பயன்படுத்தி, 15 முதல் 20 பிக்சல் வரை மென்மையாகக் கரைத்துவிட்டால் இணைப்பு தெரியாது. பக்கவாட்டு விளிம்புகள் அப்படியே இருக்கும்.

நிழலைத் தனி லேயரில் மல்டிப்ளை முறையில் (கீழுள்ள வண்ணத்தை இருட்டாக்கும் கலப்பு) வாங்க வேண்டும். வெளிச்சம் இடமிருந்து வருவதாகக் கையிலேயே நிழலைத் தீட்டிவிட்டால், கையை 90 பாகை தூக்கியதும் நிழலும் சேர்ந்து சுழன்று, சூரியன் இடம் மாறியதுபோல் தெரியும்.

90 பாகைக்கு மேல் மடங்கும் கைக்கு இந்த வித்தைகள் எதுவும் உதவாது. மடங்கிய கை என்று ஓவியர் தனியாக ஒன்று வரைந்து கொடுப்பதே நல்லது. மாற்றும் ஃபிரேமில் கை வேகமாகப் போய்க்கொண்டிருந்தால் மாறியது கண்ணுக்குப் படாது.

பிப்ரவரி 12

ஓவியருக்கு அனுப்பிய கோப்புக் குறிப்பு, சுருக்கமாக:

மறைந்திருக்கும் பகுதியும் வேண்டும். கை உயர்ந்தால் பின்னாலுள்ள இடுப்பு தெரியும். அங்கே வண்ணம் இல்லையென்றால் ஓட்டை. இமை, கருவிழி, வெள்ளை மூன்றும் தனித்தனி. கருவிழி முழு வட்டமாக இருக்கட்டும், வெள்ளைக்குள் அடங்கும்படி மறைப்பது என் வேலை. 'இடது கை' என்றால் பாத்திரத்தின் இடது கை, பார்ப்பவரின் இடது அல்ல. இதை ஒருமுறை எழுதி வைக்காவிட்டால் கடைசிவரை குழப்பம்தான். வண்ண முறை ஆர்ஜிபி, அதாவது திரைக்கானது. அச்சுக்கு வரைந்து பழகியவர்கள் சிஎம்ஒய்கே கோப்பை அனுப்புவார்கள். மாற்றும்போது நிறம் நகர்ந்துவிடும்.

கோப்பு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவு மென்பொருளுக்குள் வந்த பிறகு ஃபோட்டோஷாப்பில் எந்த லேயரையும் நீக்கக் கூடாது. நீக்கினால் தொடர்பு அறுந்து, அந்த லேயர் காணாமல் போனதாகக் காட்டும். ஏற்கெனவே உள்ள லேயரின் மேல் திருத்தி வரையலாம், அது தானாகப் புதுப்பிக்கப்படும். புதிதாகச் சேர்த்த லேயர் தானாக வராது, அதைத் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டும். ப்ரொக்ரியேட் என்ற வரையும் செயலியில் வரைபவருக்கு இன்னொன்று: கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக அனுமதிக்கும் லேயர் எண்ணிக்கை குறையும். உடம்பு ஒரு கோப்பு, முகம் ஒரு கோப்பு என்று முதலிலேயே பிரித்துவிட்டால் நடுவில் திணற வேண்டாம்.

பிப்ரவரி 16

ஸ்கேன். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 தாள் 2480×3508 பிக்சல் வரும். கேமரா நெருங்கும் முகங்களுக்கு 600. ஸ்கேனரின் தானியங்கி வெளிச்சத் திருத்தத்தை அணைத்தே ஆக வேண்டும். அது ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக எடைபோட்டு வெளுப்பை மாற்றும். வரிசையாக ஓட்டினால் படம் மினுக்கும். வெளிறிய வானத்தைக் காகித வெள்ளை என்று எண்ணி அழித்தும் விடும்.

தாள்கள் இடம் பிசகாமல் இருக்க அனிமேஷன் துளைப் பட்டை இல்லையென்றால், வரையும் முன்பே நான்கு மூலையிலும் சிறு கூட்டல் குறி அச்சிட்டுக்கொள்ளலாம். குறிகளை வைத்து ஒவ்வொன்றையும் பொருத்தலாம். ஈரத்தில் சுருண்ட தாளுக்கு மட்டும் இது பலிக்காது. மெல்லிய தாளில் தீட்டியவற்றைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்து எடுத்த பிறகே ஸ்கேன்.

வெட்டிய துண்டுகளைச் சுற்றி வெள்ளை முடி போல ஓரம் தெரிந்தால் அது காகிதத்தின் மிச்சம். ஓரத்தை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கினால் பெரும்பாலும் போய்விடும். அடர்ந்த பின்னணியில் வைத்துச் சோதிக்க வேண்டும். வெள்ளைத் திரையில் இந்தக் குறை தெரியாது.

பிப்ரவரி 20

வாய். தமிழ் வசனத்துக்கு ஏழு வடிவம் வாங்கினேன்: மூடியது, ஆ, இ-ஏ, உ-ஓ, கீழுதட்டில் பல் படும் வ, பல்லருகே நாக்கு தெரியும் த-ந, லேசாகத் திறந்தது. ழ, ண, ட எல்லாம் வாய்க்குள்ளேயே மடியும் நாக்கு, வெளியே தெரியாது. லேசாகத் திறந்த வாய் போதும். ப், ம் இரண்டிலும் உதடு மூடியே ஆக வேண்டும், குறைந்தது இரண்டு ஃபிரேம். அதை ஒலிக்கு ஒரு ஃபிரேம் முன்னால் வைத்தால் பொருந்திப் போகும், பின்தங்கினால் உடனே உறுத்தும். ஒவ்வோர் எழுத்துக்கும் வாயை மாற்றினால் படபடப்பாக இருக்கும். ஓசை அழுந்தும் இடங்களை மட்டும் பிடித்தால் போதும்.

பிப்ரவரி 25

பாத்திரம் அசையாமல் நிற்கும் ஷாட்டுகள் செத்துப்போய்த் தெரிகின்றன. அசையும் ஷாட்டில் கையால் வரைந்த நடுக்கம் இருக்கிறது, நிற்கும்போது அது திடீரென்று நின்றுவிடுகிறது. ஒரே நிலையை ஓவியர் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மூன்று தடவை வரைந்து கொடுத்தால், ஒவ்வொன்றையும் மூன்று ஃபிரேம் வைத்துச் சுழற்றலாம். இரண்டே படம் என்றால் துடிப்பதுபோல் இருக்கும். மூன்றிலும் கண்ணின் இடம் மட்டும் மாறவே கூடாது. கண் நகர்ந்தால் பாத்திரம் எதையோ தேடுவதாக அர்த்தம் வந்துவிடும்.

மார்ச் 2

ஓவியரின் கருத்துகள் வந்தன. பெரும்பாலான ஓவியர்கள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். அது அவர்கள் பழக்கம், குற்றமில்லை. நிறுத்திய ஃபிரேமில் கை இழுபட்டு ரப்பர் போல் இருப்பதைக் கண்டு பதறுவதும் இயல்பு. விநாடியில் 12-ல் ஒரு பங்கு மட்டுமே நிற்கும் படம் அது. வேகத்தைக் காட்ட வேண்டுமென்றே இழுத்தது. அதனால் முதலில் நிறுத்தாமல் மூன்று முறை ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லவும், பிறகு ஃபிரேம் எண்ணோடு குறிக்கவும் கேட்பது வழக்கம். இந்தத் தடவை அவர் குறித்தவற்றில் முக்கியமானது ஒன்று: ஷாட் 7-ல் கழுத்து திரும்பும்போது தாடைக்கோட்டின் தடிமன் எங்கும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. அவர் தாடையின் அடியில் எப்போதும் அழுத்தி வரைபவர். இது மூன்று விநாடிச் சோதனையில் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே தலை திரும்பவில்லை. திரும்பும் இடைப்படம் ஒன்றை அவரே வரைந்து தருகிறார். நடுவில் ஓர் இமைப்பு வைத்து மாற்றுவேன்.

மார்ச் 8

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை, வேலை தொடங்கும் முன்பே: பென்சில் நிலையில் இரண்டு சுற்றுத் திருத்தம், வண்ணத்தில் ஒன்று, அதற்கு மேல் தனிக் கட்டணம். லேயர் பிரித்த கோப்பு யாரிடம் இருக்கும். இந்த ஓவியங்களை வேறு படத்துக்கோ அச்சுக்கோ பயன்படுத்த ஓவியரின் அனுமதி தனியாக வேண்டுமா. இருவரும் தங்கள் தொகுப்பில் எந்தத் தேதியிலிருந்து காட்டலாம். படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலில் 'ஓவியம்' என்று அவர் பெயர், 'அனிமேஷன்' என்று என் பெயர், ஒரே எழுத்தளவில். சிறு வீடியோவாக வெட்டிப் பகிரும்போது பட்டியல் வெட்டுப்பட்டுவிடும். ஆகவே பதிவின் விவரக் குறிப்பிலும் இரண்டு பெயரும் இடம்பெற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம்.