ஆனி அல்பமும் கறுத்துப்போகும் திரையும்

ஜூலை 12, சனி

ஆனிக் கல்யாணம் ஒன்றின் அல்பம் இன்னும் முடியவில்லை. திருகோணமலைக் கோட்டைக்குள் மான்களோடு எடுத்த படங்களில் பிரச்சினை இல்லை, நல்ல வெயில். இரவு வரவேற்புத்தான் தலைவலி. மண்டபத்தில் வெளிச்சம் போதாமல் கமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400க்கு ஏற்றி எடுத்த 340 படங்கள், எல்லாவற்றிலும் மணல் தூவியது போல இரைச்சல். படம் திருத்தும் மென்பொருளில், இரைச்சலை நீக்கும் ஏஐ டீநாய்ஸை ஓடவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தால் திரை கறுப்பு. கொஞ்ச நேரத்தில் திரை வந்தது, மென்பொருளைக் காணவில்லை. 11ஆவது படத்தில் நின்றிருக்கிறது. இரண்டாம் தரம் 4ஆவது படத்திலேயே போய்விட்டது.

ஜூலை 13

மென்பொருளைத் திட்டியே நாள் போனது. புதுப்பித்தேன், அமைப்புகளை எல்லாம் பழையபடி ஆக்கினேன், படப் பட்டியலான கேட்டலொக்கைப் புதிதாக உருவாக்கினேன். பலனில்லை.

மென்பொருளின் செயல்திறன் பக்கத்தில், படக் கணக்குகளை வேகமாகச் செய்யும் கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தாதே என்று விட்டால் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் கார்டோடு 20 விநாடி எடுக்கும் படம் அது இல்லாமல் 7 நிமிடம் எடுக்கிறது. 340 படத்துக்குக் கணக்குப் பார்த்தேன்: கிட்டத்தட்ட 40 மணித்தியாலம். இடையில் கரண்ட் போனால் அவ்வளவுதான்.

ஜூலை 14

நேற்றே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். கணினியில் நடந்ததைப் பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால், திரை கறுத்த ஒவ்வொரு நேரத்துக்கும் நேரே 4101 என்ற எண். கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் டிஸ்பிளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, பிறகு மீண்டது என்று அர்த்தம்.

விண்டோஸ் கார்டிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் 2 விநாடிதான் பொறுத்திருக்கும். அதற்குள் அசைவில்லை என்றால் கார்டு செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு டிரைவரைத் திரும்ப எழுப்பும். அதற்கு டிடிஆர் என்று பெயர். டிரைவர் எழும்பிவிடும், கார்டில் வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மென்பொருள் அந்தரத்தில் தொங்கி விழும். அதாவது நான் இரண்டு நாளாகத் திட்டியது அடி வாங்கியவனை.

மருமகன் கொழும்பிலிருந்து போனில் வழி சொன்னான்: "மாமா, சேஃப் மோடுக்குப் போய் டிடியு என்ற செயலியைப் போட்டுப் பழைய டிரைவரை அடியோடு துடையுங்கோ. பிறகு கேம் விளையாடுற ஆக்களுக்கான டிரைவர் வேண்டாம், எடிட்டிங் செய்யிற ஆக்களுக்கு விடுறதைப் போடுங்கோ." அப்படியே செய்தேன். 19ஆவது படத்தில் விழுந்தது. முன்னேற்றம் என்று சொல்லலாம், சொல்ல மனம் வரவில்லை.

ஜூலை 16

விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலே என்று ஒன்றைச் சேர்த்து 2 விநாடியை 10 ஆக்கினால் சரி வரும் என்று ஒரு நண்பன் சொன்னான். சரி, அதையும் பார்த்தேன். இப்போது திரை 10 விநாடி உறைந்து நின்றுவிட்டுப் பிறகு விழுகிறது. கார்டு உண்மையிலேயே நேரம் போதாமல் திணறினால் இந்த வைத்தியம் உதவும். எழும்பவே முடியாமல் கிடப்பவனுக்கு அவகாசம் கொடுத்து என்ன பயன்? சேர்த்ததை அழித்துவிட்டேன்.

ஜூலை 17

ஆடிப்பிறப்பு. கூழ், கொழுக்கட்டை. கணினிப் பக்கம் போவதில்லை என்றுதான் இருந்தேன். மத்தியானம் மணமகளின் அம்மா அழைத்தார்: "தம்பி, அல்பம் எப்ப தருவீங்கள்?" அடுத்த கிழமை என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கச்சான் காற்று நெருப்பாக அடிக்கிறது. சூடுதான் காரணம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், எனக்கும் அந்தச் சந்தேகம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை நேரே வைத்தேன். விழும் நேரத்தில் கார்டின் வெப்பம் 66 பாகை. விசிறி இல்லாமல் 79. இரண்டு தரமும் விழுந்தது. சூடு இல்லை.

ஜூலை 18

இன்றுதான் நூல் நுனி கிடைத்தது. கார்டு எடுக்கும் மின்சாரத்தை ஒரு சிறு செயலியால் 70 வீதமாகக் குறைத்தேன். 60 படம் வரிசையாக முடிந்தது, திரை கறுக்கவே இல்லை! 100 வீதத்துக்கு ஏற்றினேன். 3ஆவது படத்தில் விழுந்தது.

என்னுடையது 170 வாட் கார்டு. அது செருகியிருக்கும் மதர்போர்டின் துளை வழியாக 75 வாட் வரைதான் எடுக்கலாம். மிச்சம் பவர் சப்ளையிலிருந்து வரும் 8 பின் கேபிளால் வர வேண்டும், அதன் அளவு 150 வாட். கார்டின் அளவுகளைக் காட்டும் ஜிபியு-இசட் செயலியில் இரண்டு வழியின் வோல்ட்டையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. சும்மா இருக்கும்போது இரண்டும் 12க்குக் கிட்ட. டீநாய்ஸ் தொடங்கியதும் துளையில் 11.9, கேபிளில் 11.1. 12 வோல்ட்டில் 5 வீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பதுதான் விதி, அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. பவர் சப்ளை தளர்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா இறங்கும்? ஒன்று மட்டும் இறங்கினால் அது வழியில் இருக்கும் கோளாறு.

ஜூலை 19

கரண்டை நிறுத்தி, கேபிளைக் கழற்றினேன். இழுக்கவே கஷ்டப்பட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பின்னில் பச்சைக் களிம்பு. ஒரு மூலையில் கறுப்புப் பிளாஸ்டிக் சற்று வெந்து மினுங்குகிறது.

உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட வீடு. மேசை ஜன்னலோரம். கச்சானைக் குறை சொல்ல முடியாது, அது தரையிலிருந்து வரும் காற்று. உப்பைக் கொண்டுவந்தது மாரியில் கடலிலிருந்து வீசும் வாடைக்காற்று. மூன்று மாரியாக அந்த ஜன்னல் திறந்தபடிதான். ஜன்னல் கம்பி துருப்பிடித்தபோது பெயின்ட் அடித்தேன், பக்கத்திலேயே இருந்த பெட்டியை நினைக்கவில்லை.

பவர் சப்ளையோடு வந்த இரண்டாவது கேபிள் எங்கோ இருக்க வேண்டும். இரவு வரை தேடியும் கிடைக்கவில்லை. நண்பன் தன் வீட்டிலிருந்து ஒன்று தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். அவனுடையது வேறு கம்பனியின் பவர் சப்ளை. கழற்றிப் பூட்டும் கேபிள்களில் கார்டுப் பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், பவர் சப்ளைப் பக்கத்தில் எந்தப் பின்னில் எது என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். முனை பொருந்தினாலும் கார்டு எரிந்துபோகலாம்.

ஜூலை 20

மனைவிதான் கண்டெடுத்தார். அலுமாரிக்கு மேலே, பழைய கமரா பைக்குள், உறை பிரிக்காமல் இருந்தது.

கார்டின் பின்களை 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, காய விட்டு, புதுக் கேபிளை 'டிக்' என்று கேட்கும் வரை அழுத்தினேன். 100 வீதத்தில் கேபிளில் 11.9. மிச்சம் 280 படமும் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. அவ்வளவு நேரமும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

ஜூலை 23

மாதிரிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு மணமகளின் அம்மா சிரித்தார். "எல்லாம் வடிவு தம்பி. என்ரை முகம் மட்டும் ஏன் பொம்மை மாதிரி இருக்கு?"

இரைச்சல் நீக்கத்தை 70இல் வைத்திருந்தேன். தோலின் கோடுகளையும் சேர்த்து வழித்துவிட்டிருக்கிறது. அவர் இருக்கும் 12 படங்களையும் 40இல் மறுபடி ஓட்டினேன். திரை கறுக்கவில்லை. மேசை இப்போது உள்சுவர்ப் பக்கம்.