பதினைந்து சதவீதம் சிறிய புல்லி

2024 மார்ச் 23, சனி. ஹாரோ, லண்டன்

இந்த ஈஸ்டருக்கு எங்கும் போவதில்லை. நான்கு நாள் விடுமுறையும் என் மினி காருக்குத்தான். 2005-ஆம் வருடத்து கூப்பர் எஸ். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் ஆர்53 என்றுதான் சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆலையில் பூட்டிய கார், பிரேசிலில் செய்த 1.6 லிட்டர் என்ஜின், அதன் முன்னால், என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் அமெரிக்க ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். முடுக்கினால் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல இடைவிடாமல் ஒரு ஓசை எழும். அந்த ஓசைக்காகவே இதை வாங்கினேன். யூரோ 4 பெட்ரோல் என்பதால் லண்டனின் தினப்படிப் புகைக் கட்டணமும் கிடையாது.

பனிக்காலம் முழுக்கக் காலையில் பெல்ட் கீச்சிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், சூப்பர்சார்ஜரைச் சுற்றும் புல்லியின், அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தின், பள்ளங்கள் தேய்ந்து பளபளவென்று கிடக்கின்றன. மாற்றுவதென்றால் 15 சதவீதம் சிறியதாகவே போட்டுவிடலாம்; சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், காற்று கூடும், இழுவையும் கூடும். விட்டம் 15 சதவீதம் குறைந்தால் சுழற்சி 15 அல்ல, 17.6 சதவீதம் கூடும். ஒன்றை 0.85-ஆல் வகுத்துப் பார்த்தால் தெரியும்.

புல்லி, ஒரு அளவு குட்டையான பெல்ட், ஒரு படி குளிர்ந்த (சூட்டை வேகமாகக் கடத்தும்) ஸ்பார்க் பிளக் நான்கு, எல்லாம் ஆர்டர் போட்டாயிற்று. காப்பீட்டுக்காரர்களுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். வருடத்துக்கு 38 பவுண்டு கூடுதல். சொல்லாமல் விட்டு, நாளைக்கு ஒரு விபத்து என்றால் மொத்தக் காப்பீடும் செல்லாமல் போய்விடலாம்.

2024 மார்ச் 29, புனித வெள்ளி

புல்லியை மட்டும் மாற்ற மூன்று மணி நேரம் போதும். முன் வலது சக்கரத்தைக் கழற்றி, உள்தட்டை எடுத்து, என்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மேல் மவுண்டை விடுவித்துக் கொஞ்சம் இறக்கினால் கை போகும். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

காரணம் இந்தக் காரின் அமைப்பு. சூப்பர்சார்ஜரின் வலது முனையில் புல்லி. இடது முனையில் தண்ணீர் பம்ப். பம்பைச் சுற்றுவது பெல்ட் இல்லை. சூப்பர்சார்ஜருக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள். அவற்றுக்குத் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் உண்டு. ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்ற கணக்கில் வந்த எண்ணெய். பத்தொன்பது வருடத்தில் அது என்ன ஆகியிருக்கும்? அதைப் பார்க்காமல் 17.6 சதவீதம் வேகமாகச் சுற்ற வைப்பது பெரிய தவறு. பல் மழுங்கினால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் என்ஜின் வெந்துவிடும். ஆகவே முழுக்கக் கழற்றுவது என்று முடிவு.

காலை எட்டுக்கு ஆரம்பித்தேன். பம்பர் கழன்று வந்துவிட்டது. அதன் பின்னால் உள்ள இரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டு இரண்டு நீளத் திருகுக் கம்பிகளை மாட்டினால், ரேடியேட்டரோடு முன்பக்கம் முழுவதையும் ஒரு சாண் முன்னால் இழுத்து வைக்கலாம். ஏசி குழாயைத் தொடவேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டை யோசித்து வைத்த என்ஜினியரை நேரில் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மாலை நான்கு மணிக்கு மழை. கராஜ் சின்னது, காரின் பின்பாதி வெளியே. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

2024 மார்ச் 30, சனி

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை வடித்தேன். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை நெம்பி, அதற்கென்றே இருக்கும் துளையில் ஒரு ஆணியைச் செருகியதும் பெல்ட் தொளதொளவென்று வந்தது. மேலே இருக்கும், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், காற்றுக் குழாய், திராட்டில் பாடி எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. போல்ட்டுகளை மகள் தேநீர்க் கோப்பைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் துண்டுச்சீட்டு ஒட்டினாள். மதியம் ஒன்றரைக்கு சூப்பர்சார்ஜர் மேஜைமேல்.

வாய்ப்பக்கம் எட்டிப் பார்த்தால் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று இதழ், முறுக்கிய இதழ். ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், ஏறக்குறைய 740 மில்லிலிட்டர் காற்றைத் தள்ளும். பெயரில் உள்ள 45 அதுதான். யோசனை மிகப் பழையது: இண்டியானாவில் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கியது. அப்போது கார் ஏது? உலைக்கு ஊதும் துருத்தியாகத்தான் அது புழங்கியது.

இப்போது முக்கியமான விஷயம். தண்ணீர் பம்பை இழுத்தெடுத்து, அந்தப் பக்கத்து எண்ணெய் மூடியைத் திறந்து சாய்த்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்துக் கால்மணி நேரம் காத்திருந்தேன். கருப்பாக, காய்ச்சிய வெல்லப்பாகுபோல இழுத்துக்கொண்டு மூன்று சொட்டு விழுந்தது. நாற்றம் சொல்லி மாளாது. செத்த எலி நாற்றம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

மூடியைக் கழற்றிப் பல்சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவி, விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பல்லின் முகத்தில் லேசான மினுமினுப்பு, ஓரங்கள் இன்னும் சதுரம். கூராகத் தேயவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் எங்கும் தட்டவில்லை. பிழைத்தது! இன்னும் ஒரு வருடம் இப்படியே ஓட்டியிருந்தால் பிழைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். புல்லிப் பக்கத்து எண்ணெய் பரவாயில்லை. கறுத்திருந்தாலும் அளவு இருந்தது. இரண்டு பக்கமும் புது எண்ணெய், புது சீல்.

இன்றைக்கு இது போதும். புல்லி மாற்றவே வேண்டாம் என்று இருப்பவர்கள்கூட, ஆர்53 வைத்திருந்தால், இந்த எண்ணெயை மட்டும் தயவுசெய்து பாருங்கள்.

2024 மார்ச் 31, ஞாயிறு

ராத்திரி கடிகாரம் ஒரு மணி முன்னால் போய்விட்டது. கண் எரிச்சலோடு கராஜுக்குப் போனேன்.

பழைய புல்லியைக் கழற்றுமுன் அது தண்டில் நிற்கும் இடத்தை அளவெடுத்தேன். புல்லியின் முகத்திலிருந்து அளக்கக் கூடாது, புதுப் புல்லியின் முகம் வேறு தடிமனாக இருக்கலாம். பெல்ட் ஓடும் முதல் பள்ளத்திலிருந்து சூப்பர்சார்ஜர் உறையின் விளிம்புவரை அளக்கவேண்டும். வெர்னியரில் மூன்று முறை எடுத்துச் சுவரில் எழுதி வைத்தேன். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் பெல்ட் ஒரு பக்கமாக ஏறித் தின்னப்படும்.

அப்புறம்தான் தொல்லை. புல்லியை இழுத்துக் கழற்ற வாடகைக்கு வாங்கிவந்த மூன்றுகால் புல்லர் என்ற கருவி பிடிக்கவில்லை. புல்லியின் பின்பக்கம் அதன் கால் நுழைய இடமே குறைவு. இறுக்க இறுக்க வழுக்கிக்கொண்டே வந்து, நான்காம் முறை புல்லியின் விளிம்பில் ஒரு சில்லை உடைத்துக்கொண்டு தெறித்தது. நல்லவேளை, கண்ணாடி போட்டிருந்தேன்.

சுத்தியலை எடுக்கலாமா என்று கை போனது உண்மை. அதற்கு முன் அப்பாவுக்குப் போன் போட்டேன். கோவை கணபதியில் முப்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவர், மோட்டார் பம்ப் வேலை. வீடியோவில் காட்டினேன்.

"சுத்தியலத் தொடாத கண்ணு. நீ தட்டுற அடி அத்தனையும் பேரிங்குலதான் போய் விழும். அப்பறம் அது என்னத்துக்கு ஆகும்?"

"வரவே மாட்டேங்குதுங்கப்பா."

"வரும். பிடிக்கறது சரியில்ல. பின்னால முழுசா அணைச்சுப் பிடிக்கோணும்."

அவர் சொன்ன மாதிரியான புல்லர் வெம்பிளியில் மெக்கானிக்காக இருக்கும் அண்ணையிடம் உண்டு என்று நினைவு வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், இதே காரைப் பலமுறை பிரித்தவர். கேட்டதும், "தம்பி, உந்த மூண்டுகால் சாமான் சரிவராது. வையும், நான் பின்னேரம் கொண்டு வாறன்" என்றார். ஐந்து மணிக்கு வந்துவிட்டார், கூடவே தின்ன ஒரு பெட்டி ரோல்ஸ்.

அவருடையது இரண்டு அரைவட்டத் துண்டு. புல்லியின் பின்பக்கத்தைச் சுற்றி அணைத்துப் பூட்டிக்கொள்ளும். நடுவில் உள்ள போல்ட் சூப்பர்சார்ஜர் தண்டின் நுனியைத் தள்ளும். நுனியில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்து, கால் சுற்று, நிறுத்தம், கால் சுற்று, நிறுத்தம் என்று இறுக்கினார். ஐந்தாவது கால்சுற்றில் 'டங்' என்று ஒரு சத்தம். நான் ஏதோ உடைந்தது என்று பதறினேன். "கழண்டிட்டுது" என்று சிரித்தார். அதன் பிறகு வெண்ணெயில் கத்திபோல வந்தது.

2024 ஏப்ரல் 1, திங்கள்

புதுப் புல்லி ஏற்றும் நாள். தண்டைவிடத் துளை துளியூண்டு சிறியது, அதனால்தான் பிடித்து நிற்கிறது. ஏற்றுவதற்குத் துளையை விரிக்கவேண்டும். 20 மில்லிமீட்டர் எஃகுத் துளை 180 டிகிரி சூடேறினால் சுமார் 0.04 மில்லிமீட்டர் விரியும். தலைமுடித் தடிமனில் பாதிதான், ஆனால் அது போதும். பட்டறையில் அப்பா பேரிங்கை எண்ணெய்ச் சட்டியில் போட்டுச் சூடாக்கி ஏற்றுவதைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இங்கே சமையலறை ஓவன்.

"ஏனுங்க, கேக் வைக்கிற ஓவன்ல இரும்பா?" என்றாள் மனைவி. பெட்ரோலில் துடைத்து, சோப்பில் கழுவி, காயவைத்துக் காட்டிய பிறகுதான் அனுமதி. 200 டிகிரி, 40 நிமிடம். அதே நேரம் தண்டின்மேல் பனிக்கட்டிப் பை. உறைக்கும் புல்லிக்கும் நடுவே சரியான அளவில் வெட்டிய ஒரு தகட்டுத் துண்டை நிறுத்தினேன். புல்லி அதில் முட்டி நின்றால் ஆழம் சரி.

வெறும் தண்டில் பழைய புல்லியை வைத்து இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன். சமையலறையிலிருந்து மேஜைவரை எத்தனை அடி என்றுகூட எண்ணி வைத்தேன். மகள் கதவைத் திறந்து பிடித்தாள். தடித்த கையுறையில் புல்லியை ஏந்திக்கொண்டு நடந்து, தண்டின் நேருக்கு நேர் வைத்து, ஒரே தள்ளு. தடையே இல்லாமல் உள்ளே போய்த் தகட்டில் 'டொக்' என்று முட்டியது. முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன். பத்து எண்ணுவதற்குள்ளேயே அது தண்டைக் கவ்விவிட்டது. அசைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இரும்பு.

ஆறியபின் அளந்தேன். சுவரில் எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர்.

கையால் சுற்றினேன். உருளைகள் எங்கும் உரசவில்லை. புது எண்ணெயின் மெல்லிய சளசளப்பு மட்டும். அப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன். பதிலுக்கு ஒரு வார்த்தை: "அம்சம்."

2024 ஏப்ரல் 6, சனி

வாரநாளில் தொடமுடியவில்லை. இன்று திரும்பப் பூட்டினேன். தண்ணீர் பம்பைத் தள்ளும்போது ஏதோ நறநறத்ததுபோல இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் அறுந்திருக்கிறது. இது காருக்குள் போனபிறகு தெரிந்திருந்தால் பம்பர் முதல் மறுபடியும் கழற்றவேண்டும். மாற்று ஓ-ரிங்குக்கு சோப்புத் தண்ணீர் தடவி, நேராக, இரண்டு கைப்பெருவிரலால் தள்ளினேன். பல்சக்கரத்தோடு பம்பின் நாக்கு பொருந்திய அந்த அசைவைக் கையிலேயே உணரமுடிந்தது. மற்றவை கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசை.

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

கூலன்ட் ஊற்றி, காற்று நீக்கும் திருகில் குமிழி நிற்கும்வரை காத்திருந்து, பதினொன்றேகாலுக்குச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. பெல்ட் நடுவில் நேராக ஓடுகிறது. பம்புக்கு அடியில் வைத்த காகிதம் அரைமணி கழித்தும் உலர்ந்தே இருந்தது.

சக்கர போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிவிட்டு, தெருவை ஒரு சுற்று சுற்றினேன். மெதுவாகத்தான்.

2024 ஏப்ரல் 14, ஞாயிறு. சித்திரை 1

காலையில் ஹைகேட் முருகன் கோவிலுக்குப் போனோம், மினியில்தான். திரும்பும்போது, பெட்ரோல் 99 ஆக்டேன் நிரப்பி, குடும்பத்தை வீட்டில் இறக்கிவிட்டு எம்40 நெடுஞ்சாலைப் பக்கம் தனியாகப் போனேன். சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றின் அழுத்தத்தைப் போனில் பார்த்தேன். முன்பு 0.78 பார், இப்போது 0.97. அதைவிட, 3,000 சுற்றிலேயே இழுவை வந்துவிடுகிறது. ரவுண்டானாவிலிருந்து வெளியேறும்போது கியரை இறக்கவே தேவைப்படவில்லை. அந்த ஒத்து ஓசையின் சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை ஏறியிருக்கிறது. சூட்டு முள் நடுவில் அசையாமல் நின்றது.

பெல்ட்டை 500 மைலில் ஒருமுறை பார்க்கவேண்டும். அண்ணையின் புல்லரைத் துடைத்து, எண்ணெய் பூசி, மனைவி செய்த பாயசத்தோடு வெம்பிளியில் கொடுத்துவிட்டு வந்தேன். விளிம்பு உடைந்த பழைய புல்லி பழைய வேட்டித் துணியில் சுற்றி கராஜ் அலமாரியில் இருக்கிறது. சுவரில் எழுதிய அளவை அழிக்கவில்லை.