மாவட்டப் பொதுக்குழுவை விதிப்படி கூட்ட எங்களுக்கு ஆன நாலு மாதம்

இரவு பத்தே முக்காலுக்குக் கட்சி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது: “நாளை காலை பத்து மணிக்கு அவசரச் செயற்குழு. தவறாமல் வரவும்.” 21 பேர் கொண்ட மாவட்டச் செயற்குழுவில் மறுநாள் போனவர்கள் 9 பேர். எனக்கு வேலை நாள், போக முடியவில்லை. மதியமே அடுத்த செய்தி வந்துவிட்டது. மாவட்டப் பொருளாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், அவர் இடத்தில் வேறொருவர் நியமனம்.

எங்களுடையது சின்னக் கட்சி. தேர்தல் ஆணையத்தில் பதிவு உண்டு, அங்கீகாரம் கிடையாது. அந்த மாவட்டத்தில் நான் துணைச் செயலாளர். பொருளாளர் அக்கா எதற்காக நீக்கப்பட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நன்கொடை ரசீதுப் புத்தகங்களில் இரண்டு திரும்பி வரவில்லை. அவற்றின் அடிக்கட்டையைக் காட்டாமல் ஆண்டுக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஒரு நிதியாண்டில் ஒருவர் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கட்சி அந்த விவரத்தை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவு. அடிக்கட்டை இல்லாமல் அந்தக் கணக்கை எப்படித் தேற்றுவது? அவர் கேட்டது அவ்வளவுதான்.

அன்று மாலை பதினைந்து பேர் கூடினோம். கோபம் இருந்தது, யோசனை இல்லை. தேர்தல் ஆணையத்துக்கு எழுதிவிடலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். 2017இல் இரட்டை இலையை முடக்கினார்களே, அதுபோல நம் பிரச்சினையிலும் ஆணையம் தலையிடும் என்ற நம்பிக்கை. கட்சிக்காரரான வழக்கறிஞர் அண்ணன்தான் அதை உடைத்தார். பிளவுபட்ட அணிகளில் எது உண்மையான கட்சி என்று ஆணையம் முடிவு செய்வது 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 15ஆம் பத்திப்படி. அந்தப் பத்தி அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும். நம்மைப் போன்ற கட்சியில் சண்டை வந்தால் ஒன்று கட்சிக்குள் தீர வேண்டும், இல்லையென்றால் உரிமையியல் நீதிமன்றம். “கோர்ட்டு முதல்ல கேக்குறது உங்க விதிப் புத்தகத்தைத்தான். அதுல நீங்க சரியா இருக்கீங்களான்னு பாருங்க” என்றார்.

விதிப் புத்தகத்தைத் தேடினால் மாவட்ட அலுவலகத்தில் ஒரு பிரதிகூட இல்லை. பல ஆண்டு கட்சியில் இருந்தும் நான் அதை முழுசாகப் படித்தவன் இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மாநில அலுவலகத்தில் கேட்டு வாங்கி, இரண்டு இரவு உட்கார்ந்து படித்தோம். எங்களுக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. செயற்குழுவுக்கு எழுத்து மூலம் ஏழு நாள் அறிவிப்பு. பாதிப் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 21இல் 9 போதாது. ஒருவரைப் பொறுப்பிலிருந்து நீக்கும் முன் விளக்கம் கேட்டு, பதில் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும். செயற்குழுவின் முடிவை மாவட்டப் பொதுக்குழு ரத்து செய்யலாம். பொதுக்குழு உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டால் மாவட்டச் செயலாளர் 30 நாளுக்குள் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் அவைத்தலைவர் கூட்டலாம்.

படித்த கையோடு, நாங்களே அறிவித்து நாங்களே கூடிவிடலாம் என்று துடித்தவர்கள் உண்டு. அப்போது எங்களுக்குப் பாடமாக இருந்தது அ.தி.மு.க. வழக்கு. 2022 ஜூலை 11 பொதுக்குழுவை ஆகஸ்டில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஏற்கவில்லை, செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது, 2023 பிப்ரவரி 23இல் உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது. எண்ணிக்கை ஒரு பக்கம் தெளிவாகவே இருந்தும், கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் யாருக்கு என்பதைச் சுற்றியே மாதக்கணக்கில் வாதம் நடந்தது. அவ்வளவு பெரிய கட்சிக்கே அந்தப் பாடு என்றால், வழக்குச் செலவுக்கு வழியில்லாத நாங்கள் நடைமுறையில் ஓட்டை வைத்துவிட்டு நடக்க முடியாது.

கையெழுத்து வாங்கக் கிளம்பியபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. பொதுக்குழு உறுப்பினர்கள் மொத்தம் எத்தனை பேர்? கடைசி உட்கட்சித் தேர்தல் முடிந்தபோது மாநிலத்துக்கு அனுப்பிய பட்டியலில் 86 பேர். மாவட்டச் செயலாளர் இப்போது காட்டிய பட்டியலில் 109. நடுவில் 23 பெயர்கள் எப்போது, எந்தத் தீர்மானத்தால் சேர்ந்தன என்று மினிட் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. வாய்ச்சண்டை எவ்வளவு போட்டாலும் தகராறின் ஆணிவேர் பட்டியல்தான். பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் கூட்டத்துக்கு முன்பே பாதி ஜெயித்துவிடுகிறார். உறுப்பினர் பதிவேட்டின் பிரதி ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருந்திருந்தால் இந்த 23 பெயர்கள் நுழைந்தே இருக்காது என்று இப்போதும் எனக்கு ஆதங்கம்தான்.

அந்த 23 பேரும் போலி என்று வாதாடுவதை ஒத்திவைத்தோம். எந்தப் பட்டியலை எடுத்தாலும் செல்லுபடியாகும்படி நடந்துகொள்வது என்று முடிவெடுத்தோம். 86இல் மூன்றில் ஒரு பங்குக்கு 29 கையெழுத்து போதும். 109க்கு 37 வேண்டும். ஆறு வாரம் ஊர் ஊராகப் போய் 41 வாங்கினோம், அத்தனையும் பழைய பட்டியலில் உள்ளவர்களிடம். பிறகு இரண்டு பேர் யாரோ மிரட்டியதால் எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டார்கள். 39 நின்றது.

கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில், ஒப்புதல் அட்டையோடு மாவட்டச் செயலாளருக்கு அனுப்பினோம். ‘பெற மறுத்தார்’ என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தது. சரியான முகவரிக்கு அனுப்பியதை ஒருவர் வாங்க மறுத்தால், போய்ச் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள் என்றார் வழக்கறிஞர் அண்ணன். வைத்தோம். 30 நாள் முழுதாகக் காத்திருந்தோம். அந்த முப்பது நாளும் தினம் நாலு பேராவது போன் செய்து “என்னண்ணே, சும்மா உக்காந்திருக்கீங்க” என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிப்போகும். இதற்கிடையே எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் தடை வாங்கலாம் என்று பேச்சு வந்தது. எங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை கொடுத்துவிடக் கூடாது என்று கேவியட் மனு போட்டோம். அது 90 நாள் செல்லும்.

அடுத்து நடந்தது எங்கள் தவறு. முப்பது நாள் முடிந்ததும் அவைத்தலைவர் ஐயா பெயரில் கூட்ட அறிவிப்பை 1ஆம் தேதி தபாலில் சேர்த்தோம். கூட்டம் 16ஆம் தேதி. விதியில் இருந்தது ‘முழுமையாக 15 நாள்’. அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் கழித்தால் 2ஆம் தேதி முதல் 15ஆம் தேதி வரை 14 நாள்தான். ஒரு நாள் குறைகிறது. இதைக் கண்டுபிடித்தது எங்களில் வயதில் மிகச் சிறியவர், ஒரு கிளைச் செயலாளர் தம்பி. கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது நாட்காட்டியைக் கொண்டுவந்து விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அன்றிரவு பெரிய சண்டை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, வெளியூரில் இருப்பவர்கள் விடுப்புப் போட்டுவிட்டார்கள், ஒரு நாளை யார் எண்ணப் போகிறார்கள் என்றார்கள் பலர். ஏழு நாள் அறிவிப்பு தரவில்லை என்று அந்தச் செயற்குழுவை எதிர்க்கும் நாங்கள், எந்த முகத்தோடு இதைக் கடந்து போவது? அவைத்தலைவர் ஐயா ஒன்றும் பேசாமல் ரத்து அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது அறிவிப்பைக் கூட்டத்துக்கு 20 நாள் முன்னதாகவே அனுப்பினோம், 109 பேருக்கும். அந்த 23 பேருக்கும் சேர்த்துத்தான்.

பொருள் நிரலில் இரண்டே தீர்மானங்கள். ஒன்று, பொருளாளரை நீக்கிய முடிவை ரத்து செய்வது. அதற்குப் பாதிக்கு மேல் போதும். இரண்டு, மாவட்டச் செயலாளர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். அதற்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மாநிலத்திலிருந்து ஒரு பார்வையாளரைக் கேட்டோம், அனுப்பினார்கள்.

கூட்ட நாளில் பழைய பட்டியலிலிருந்து 58 பேர் வந்தார்கள். 109இல் பாதி 55, ஆகவே எந்தக் கணக்கிலும் கூட்டம் செல்லும். புதிய 23 பேரில் 7 பேர் வந்தார்கள். வாசலிலேயே தடுங்கள் என்று கூச்சல். அவர்கள் உறுப்பினர் இல்லை என்று தீர்ப்புச் சொல்ல அந்த வாசலில் நிற்கும் எங்களுக்கு என்ன அதிகாரம்? தனி வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி உள்ளே விட்டோம். இரகசிய வாக்கெடுப்பு, இரண்டு பெட்டி. அந்த ஏழு பேருடைய சீட்டுகள் தனிப் பெட்டியில். முடிவு அவற்றைச் சார்ந்து இருந்தால் மட்டும் திறப்பது என்று பார்வையாளர் முன்னிலையில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டோம்.

வாக்கெடுப்புக்கு முன் ஒன்றிய நிர்வாகி ஒருவர் எழுந்து மூன்றாவது தீர்மானம் கொண்டுவந்தார். மாவட்டச் செயலாளரை அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தே நீக்க வேண்டுமாம். பலத்த கைதட்டல். நான் எழுந்து, பொருள் நிரலில் இல்லை, அவரிடம் விளக்கமும் கேட்கவில்லை, எடுக்கக் கூடாது என்றேன். “யார் பக்கம் நிக்கிறே நீ?” என்று கேட்டவர் எனக்குப் பல வருட நண்பர். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அந்த நேரத்தில் பொருளாளர் அக்கா எழுந்து மைக்கை வாங்கினார். “என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நீக்குனாங்கன்னுதான் நாம இங்க வந்திருக்கோம். அவர்கிட்டயும் கேக்காம நீக்குனா, அப்புறம் நான் இங்க எதுக்கு உக்காந்திருக்கேன்?” என்றார். அவைத்தலைவர் ஐயா அந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் தீர்மானம் எளிதாக நிறைவேறியது. இரண்டாவதில் பிரதான பெட்டியில் 58 சீட்டு: ஆதரவு 44, எதிர்ப்பு 13, செல்லாதது 1. பார்வையாளர் தாளில் கணக்குப் போட்டார். அந்த ஏழு பேரையும் சேர்த்தால் வந்தவர்கள் 65. அதில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 43.33, அதாவது 44 வாக்கு. ஏழும் எதிர்ப்பாகவே இருந்தாலும் தீர்மானம் நிற்கும். ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் அந்தப் பெட்டியைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அரக்கு வைத்து மாநில அலுவலகத்துக்கு அனுப்பினோம்.

அப்புறம் எல்லாம் காகித வேலை. மினிட் புத்தகத்தில் பக்க எண் போட்டு, வெற்றிடங்களை அடித்து, இரண்டு அறிவிப்புகள், தபால் ரசீதுகள், திரும்பி வந்த உறை, இரண்டு வருகைப் பதிவேடுகளின் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அனுப்பினோம். ஐந்து வாரத்தில் மாநிலப் பொதுச்செயலாளர் ஏற்புக் கடிதம் அனுப்பினார். வழக்கு எதுவும் வரவில்லை. 23 பெயர்களை விசாரிக்கத் தனிக்குழு அமைத்திருக்கிறார்கள். அது இன்னும் முடியவில்லை. ரசீதுப் புத்தகங்களில் ஒன்று வந்துவிட்டது, இன்னொன்று வரவில்லை.

பொறுப்பை ஒப்படைக்க முன்னாள் மாவட்டச் செயலாளர் ஒரு மாலை அலுவலகத்துக்கு வந்தார். சாவியையும் முத்திரையையும் மேசையில் வைத்தார். கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் தனக்கு வேண்டும் என்று கேட்டார். விதியில் அதற்கு இடம் இருக்கிறது. 14 பக்கமும் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் சான்றொப்பம் வைத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்.